மெய்ரின்: ஜெனீவாவின் கொல்லைப்புறம் ஊரான கதை

சுவிட்சர்லாந்தில் பழம்பெரும் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் ஒரு சங்கம் உண்டு. 1972 முதல் ஆண்டுதோறும் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து வாக்கர் பரிசு கொடுக்கிறது. முதல் பரிசு ஸ்டைன் ஆம் ரைன் என்ற ஆற்றங்கரை ஊருக்குப் போனது. சுவரெல்லாம் ஓவியம் தீட்டிய வீடுகள், மரச்சட்டங்கள் தெரியும் மாடிகள் என்று அது நாட்காட்டிப் படத்துக்கென்றே கட்டியதுபோல இருக்கும். யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 2022-ல், அதே பரிசு மெய்ரினுக்குக் கிடைத்தது. ஜெனீவாவின் வடமேற்கு விளிம்பில் விமான ஓடுபாதைக்கும் அணுத்துகள் ஆய்வுக்கூடத்துக்கும் தொழிற்பேட்டைக்கும் நடுவே சிக்கிக் கிடக்கும் புறநகர் அது. 1960-களின் கான்கிரீட் அடுக்குமாடிகள்தான் அதன் முகம். நாட்காட்டியில் போடுகிற ஊர் இல்லை.

அந்த ஊருக்கு ஏன் இந்தப் பரிசு என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு இருநூறு ஆண்டு பின்னால் போனால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. மெய்ரினின் பெரிய திருப்பங்கள் எதையும் மெய்ரின்காரர்கள் தீர்மானிக்கவில்லை. வீட்டுக்குள் இடமில்லாததை எல்லாம் கொல்லைப்புறத்தில் கொண்டுபோய் வைப்போமே, அப்படி ஜெனீவா தனக்கு இடமில்லாததை எல்லாம் இங்கே கொண்டுவந்து வைத்தது. விமானம், அணு, தொழிற்சாலை, கடைசியில் மனிதர்கள். இப்படி வந்து விழுந்தவற்றை வைத்துக்கொண்டு ஓர் ஊரை எப்படி உண்டாக்கினார்கள் என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

(பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. எழுத்தைப் பார்த்து நாம் மெய்ரின் என்கிறோம். உள்ளூர்ப் பிரெஞ்சுக்காரர் வாயில் அது 'மெரேன்' போல, கடைசி எழுத்து மூக்கில் கரைந்து போகும். நாம் மெய்ரின் என்றே வைத்துக்கொள்வோம்.)

பிரான்சிலிருந்து வந்த கிராமம்

1815 வரை மெய்ரின் சுவிஸ் ஊரே அல்ல. ஜூரா மலை அடிவாரத்தில் இருக்கும் ஜெக்ஸ் வட்டாரத்தைச் சேர்ந்தது. அந்த வட்டாரம் சவோய் பிரபுக்களிடம் இருந்தது. 1536-ல் பெர்ன் படை பிடித்துக்கொண்டது, 1567-ல் மறுபடி சவோய்க்குப் போனது, 1601-ல் லியோன் ஒப்பந்தப்படி பிரான்சுக்குச் சேர்ந்தது. பெர்ன் ஆண்டபோது மக்கள் புரொட்டஸ்டன்ட். பிரெஞ்சு மன்னர் ஆண்டபோது மெல்ல மெல்லக் கத்தோலிக்கர். உழவனுக்கு நிலம் மாறவில்லை, வரி வாங்குகிறவனும் பூசை வைக்கிறவனும் மட்டும் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

நெப்போலியன் வீழ்ந்தபின் ஜெனீவா சுவிஸ் கூட்டமைப்பில் சேர்ந்தது. சேர்ந்தவுடன் ஒரு சிக்கல். ஜெனீவாவுக்கும் மற்ற சுவிஸ் நிலத்துக்கும் நடுவே பிரான்சின் ஒரு துண்டு கிடந்தது. சொந்த நாட்டுக்குப் போக அந்நிய மண்ணைத் தாண்ட வேண்டும். 1815 நவம்பரில் பாரிஸில் கையெழுத்தான ஒப்பந்தம் ஜெக்ஸ் வட்டாரத்திலிருந்து ஆறு ஊர்களைப் பிய்த்து ஜெனீவாவிடம் கொடுத்தது: வெர்சுவா, கோலெக்ஸ்-பொசி, பிரெஞி, கிரான் சக்கொனே, வெர்னியே, மெய்ரின். வழிக்காக வெட்டிக் கொடுத்த நிலம். இன்றைக்கும் ஜெனீவா கன்டோனின் (கன்டோன் என்பது நம் மாநிலம் மாதிரி) எல்லையில் பிரான்சுடன் சேர்வது 100 கிலோமீட்டருக்கு மேல். சுவிட்சர்லாந்துடன் சேர்வது சுமார் நாலரை கிலோமீட்டர்தான். வரைபடத்தைப் பார்த்தால் ஒரு பலூனை நூலில் கட்டித் தொங்கவிட்டது போல இருக்கும்.

புரொட்டஸ்டன்ட் சீர்திருத்தத் தலைவர் கால்வினின் ஊர் என்று பெயரெடுத்த ஜெனீவாவுக்கு, கத்தோலிக்க உழவர்கள் நிறைந்த இந்தக் கிராமங்கள் அவ்வளவு உவப்பான சொத்தாக இருக்கவில்லை. ஆனால் ஊராருக்கு ஒரு வசதி கிடைத்தது. பிரெஞ்சுச் சுங்கச்சாவடிகள் எல்லைக்கோட்டிலிருந்து பின்னே தள்ளி வைக்கப்பட்டன. ஜெக்ஸ் வட்டாரம் சுங்கமில்லாப் பகுதியானது. பாலும் தானியமும் அரசியல் எல்லையைக் கண்டுகொள்ளாமல் ஜெனீவாச் சந்தைக்குப் போயின. முதல் உலகப் போருக்குப் பின் பிரான்ஸ் இதை ரத்து செய்யப் பார்த்தது. வழக்கு ஹேக் நகரின் பன்னாட்டு நீதிமன்றம் வரை போய், 1932-ல் ஜெனீவாவின் பக்கம் தீர்ப்பானது. பாலும் தானியமும் போகிற வழிக்காக இரண்டு நாடுகள் உலக நீதிமன்றப் படியேறிய கதை.

1858-ல் ஜெனீவா–லியோன் ரயில்பாதை ஊரின் தெற்கு ஓரமாகப் போனது. அதனால் பெரிய மாற்றம் ஒன்றும் வந்துவிடவில்லை. பக்கத்து ஊர் சத்தினி திராட்சைக் கொடியில் செழித்தது. இன்றும் சுவிட்சர்லாந்தின் மிகப் பெரிய ஒயின் கிராமம் அதுதான். மெய்ரின் பாட்டுக்குக் கோதுமையும் மாடும் சதுப்புமாக இருந்தது. அந்தச் சமதளமே பின்னால் அதன் தலையெழுத்தை மாற்றியது.

முதலில் விமானம்

மெய்ரின் கொம்யூனில் ஒரு சிற்றூர், பெயர் குவான்ட்ரேன். (கொம்யூன் என்பது நம் ஊராட்சி மாதிரி, ஆனால் வரி போடும் உரிமை உண்டு.) ஜெனீவா விமான நிலையத்தை இன்றும் பலர் அந்தச் சிற்றூரின் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

முதல் உலகப் போர் முடிந்து, ஐ.நா.வுக்கு முன்னோடியான நாடுகள் சங்கம் ஜெனீவாவுக்கு வரப்போகிறது என்றானதும் நகரத்துக்கு ஒரு விமானத் திடல் வேண்டியிருந்தது. 1919-ல் கன்டோன் சட்டமன்றம் ஒப்புதல் தந்தது. 1920-களின் தொடக்கத்தில் குவான்ட்ரேன் புல்வெளியில் விமானங்கள் இறங்கத் தொடங்கின. 1937-ல் முதல் கான்கிரீட் ஓடுபாதை போட்டார்கள். அதன் நீளம் 405 மீட்டர். இன்று ஒரு பெரிய பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி ஓடினால் வரும் தூரம். இரண்டாம் உலகப் போர் முடியும் காலத்தில் அது 2000 மீட்டராக நீண்டது. அடுத்து ஜெட் விமானம் வரப்போகிறது என்றானதும் ஜெனீவாவுக்கு இடம் போதவில்லை. எல்லைக்கோடே குறுக்கே நின்றது. 1956-ல் பிரான்சும் சுவிட்சர்லாந்தும் நிலத்தை மாற்றிக்கொண்டன. 1960-ல் ஓடுபாதை 3900 மீட்டரை எட்டியது.

விமான நிலையம் வந்ததில் மெய்ரினுக்கு வேலை கிடைத்தது, பெயர் கிடைத்தது. கூடவே சத்தமும், கொம்யூனின் வடக்குப் பகுதியில் எதை எங்கே கட்டலாம் என்ற கட்டுப்பாடும் நிரந்தரமாக வந்து சேர்ந்தன. இந்தக் கட்டுப்பாட்டை மறந்துவிட்டு மெய்ரினின் வரைபடத்தைப் படிக்க முடியாது. வீடுகள் ஏன் இங்கே நெருக்கமாகவும் அங்கே இல்லாமலும் இருக்கின்றன என்று கேட்டால், பாதிக் கேள்விகளுக்குப் பதில் தலைக்கு மேலே பறக்கிறது.

அப்புறம் அணு

இரண்டாம் உலகப் போரில் சிதறிப்போன ஐரோப்பிய இயற்பியலை மறுபடி ஒரே கூரையின் கீழ் கொண்டுவர ஓர் ஆய்வுக்கூடம் வேண்டும் என்று பேச்சு எழுந்தபோது, 1952 அக்டோபரில் ஜெனீவா தேர்வானது. கன்டோன் கொடுக்க முன்வந்த இடம் மெய்ரின் வயல்கள், சுமார் 40 ஹெக்டேர். நம் கணக்கில் கிட்டத்தட்ட நூறு ஏக்கர்.

அணு என்ற சொல் அப்போது ஹிரோஷிமாவைத்தான் நினைவூட்டியது. ஆய்வுக்கூடம் நடுநிலை நாட்டுக்கு ஆபத்து, போர் வந்தால் முதல் குண்டு இங்கேதான் விழும் என்று கம்யூனிஸ்டுகளின் தொழிலாளர் கட்சி எதிர்ப்புத் திரட்டியது. சுவிஸ் வழக்கப்படி விஷயம் வாக்குப்பெட்டிக்குப் போனது. 1953 ஜூனில் கன்டோன் முழுக்க நடந்த வாக்கெடுப்பில் ஆய்வுக்கூடத்துக்கு ஆதரவாக 16,539 வாக்குகள், எதிராக 7,332. எதிர்த்த கட்சிக்கு வழக்கமாக விழும் வாக்குகளைத் தாண்டி எதிர்ப்பு பெரிதாகப் பரவவில்லை என்பதுதான் இந்த எண்கள் சொல்வது.

இங்கே ஒரு இடைச்செருகல். அந்த 23,871 வாக்குகளில் ஒன்றுகூடப் பெண்ணுடையதல்ல. ஜெனீவா கன்டோனில் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1960-ல். சுவிஸ் கூட்டாட்சி அளவில் 1971-ல். 'மக்கள் தீர்மானித்தார்கள்' என்று சுவிஸ் வரலாற்றில் படிக்கும்போதெல்லாம் எந்த மக்கள் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

1954 மே மாதம் முதல் மண் வெட்டினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், இந்த ஆய்வுக்கூடத்தை நடத்தும் செர்ன் என்ற அமைப்பு சட்டப்படி பிறந்தது. பன்னிரண்டு நாடுகள் அதன் நிறுவன உறுப்பினர்கள். 1957-ல் துகள்களை வேகமாக ஓடவைக்கும் முதல் முடுக்கி, 1959 நவம்பரில் அதைவிடப் பல மடங்கு பெரிய புரோட்டான் முடுக்கி. 1965-ல் வளாகம் பிரான்சுக்குள்ளும் விரிந்தது. அதனால்தான் 1989-ல் டிம் பெர்னர்ஸ்-லீ இங்கே உலகளாவிய வலையை முன்மொழிந்தார் என்று சொன்னால், எல்லையின் எந்தப் பக்கத்து அறையில் என்று ஒரு சண்டை கிளம்பும். 2012 ஜூலையில் அறிவிக்கப்பட்ட ஹிக்ஸ் என்ற அடிப்படைத் துகளைக் கண்டுபிடித்த இரண்டு பெரும் கருவிகளில் ஒன்றான அட்லாஸ், மெய்ரின் மண்ணுக்கு அடியில்தான் இருக்கிறது.

தமிழ் வாசகருக்குத் தெரிந்திருக்கும்: அந்த வளாகத்தில் ஒரு நடராசர் ஆடுகிறார். ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயர வெண்கலம், 2004 ஜூனில் இந்திய அரசு அளித்த அன்பளிப்பு. சோழர் கால வார்ப்பின் அச்சு அப்படியே. முன்பு கோதுமை விளைந்த வயலில், ஆய்வாளர்கள் காப்பிக் கோப்பையோடு நடந்துபோகும் வழியோரம் ஆனந்த தாண்டவம். சிதம்பரத்துக்காரர் யாராவது போனால் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் நகர்வார்.

சரி, ஊருக்கு என்ன கிடைத்தது? இதில் ஒரு நுணுக்கம் உண்டு. செர்ன் பன்னாட்டு அமைப்பு. மெய்ரினுக்கு வரி கட்டாது. நூறு ஏக்கரில் தொடங்கியது உலகப் புகழ் பெற்றாலும் ஊராட்சிக் கஜானாவுக்கு நேரடியாக ஒரு பிராங்கும் வராது. வருவாய் வேறு பக்கத்திலிருந்து வந்தது. மெய்ரினும் சத்தினியும் சேர்ந்த எல்லையில், ரயில்பாதையை ஒட்டி, ஸிமேய்ஸா என்ற தொழிற்பேட்டை எழுந்தது. ஹியூலெட்-பேக்கர்டு தன் ஐரோப்பியத் தலைமையகத்தை மெய்ரினில் வைத்தது. ஷோப்பார்ட் கைக்கடிகார நிறுவனம் இங்கே வந்தது. ஜெனீவா கன்டோனில் ஒரு விசித்திர விதி: ஒருவர் கட்டும் கொம்யூன் வரியில் ஒரு பங்கு அவர் குடியிருக்கும் ஊருக்கும், இன்னொரு பங்கு அவர் வேலை பார்க்கும் ஊருக்கும் போகும். தூங்குவதற்கு மட்டும் பயன்படும் புறநகர்கள் வறண்டுபோக, வேலையும் வீடும் இரண்டும் இருக்கும் மெய்ரின் போன்ற ஊர்களுக்குக் கை சற்று நிமிர்ந்தது. பின்னால் வரும் கதையில் இந்தப் பணம் எங்கே போனது என்று தெரியும்.

கடைசியாக மனிதர்கள்

1950-ல் ஜெனீவா கன்டோனின் மக்கள்தொகை சுமார் 2 லட்சம். இருபதே ஆண்டில் 3.3 லட்சம் ஆனது. பன்னாட்டு அமைப்புகள், வங்கிகள், கட்டுமானம் என்று வேலை பெருகப் பெருக ஆட்கள் வந்தார்கள், வீடு இல்லை. பழைய நகரத்தில் ஒண்டிக்கொள்ள இடமில்லை. சுற்றிலும் வயல். வயலின் சொந்தக்காரனிடம் போய்ச் சந்தை விலை கொடுத்து வாங்கினால் கட்டுகிற வீட்டின் வாடகை தொழிலாளிக்கு எட்டாது.

இதற்கு ஜெனீவா கண்டுபிடித்த வழி 1957-ன் வளர்ச்சி மண்டலச் சட்டம். விவசாய நிலத்தையோ தனிவீட்டு நிலத்தையோ அரசு 'வளர்ச்சி மண்டலம்' என்று அறிவிக்கும். அங்கே அடுக்குமாடி கட்ட அனுமதி உண்டு. ஆனால் கட்டடத் திட்டத்தை அரசு பார்க்கும், வாடகையையும் விற்பனை விலையையும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு அரசு கட்டுப்படுத்தும். நிலத்தின் மதிப்பு ஒரே கையெழுத்தில் பல மடங்கு ஏறுகிறது. அந்த ஏற்றத்தில் ஒரு பங்கை அரசு வாடகைதாரருக்குத் திருப்பிவிடுகிறது. நில உச்சவரம்பு, நிலம் எடுப்பு என்று நாம் பழகிய கடுமையான வழிகளுக்கும், சந்தையிடம் அப்படியே விட்டுவிடுவதற்கும் நடுவே ஒரு மூன்றாம் வழி. எனக்கு இந்தக் கதையில் கட்டடங்களைவிட இந்தச் சட்டம்தான் பெரிதாகப் படுகிறது. அது இல்லையென்றால் மெய்ரினில் கட்டடம் வந்திருக்கும், ஆனால் வேறு ஆட்கள் குடியேறியிருப்பார்கள்.

அந்தச் சட்டத்தின் நிழலில், கிராமத்துக்கும் நகரத்துக்கும் இடைப்பட்ட வயல்வெளியில், 1960-ல் துணைநகரம் எழத் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் முதல் துணைநகரம் என்பார்கள். முழுத் திட்டத்தை வரைந்தவர் லூயி பேயோ. பெரிய குடியிருப்புத் தொகுதிகளில் முக்கியமான ஒன்றைக் கட்டியவர் ஜோர்ஜ் அடோர். அடோர் பின்னால் பக்கத்து ஊரான வெர்னியேயில் லினியோன் என்ற ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் கட்டடத்தை எழுப்பிப் பேரெடுத்தவர். மெய்ரினில் அந்தப் பிரமாண்டம் இல்லை. நீண்ட கட்டடங்கள், சில கோபுரங்கள், நடுவே அகன்ற புல்வெளி. கார் ஓரத்தில் நிற்கும், பிள்ளைகள் நடுவில் விளையாடும். வேலியில்லை.

எண்களைப் பார்த்தால் அதிர்ச்சி புரியும். 1950-ல் மெய்ரினில் சுமார் 2000 பேர். 1970-ல் 14,000-க்கும் மேல். ஒருவர் பள்ளி முடிப்பதற்குள் அவர் ஊர் ஏழு மடங்காகிவிட்டது. சுவரை எழுப்புவதுபோல வேகமாக ஓர் ஊரை எழுப்ப முடியாது என்பதைத் துணைநகரம் கட்டியவர்கள் உலகெங்கும் தாமதமாகவே கற்றுக்கொண்டார்கள். வீடு முதலில் வந்தது. பள்ளி, கடை, பேருந்து, ஒரு காப்பிக்கடை எல்லாம் பின்னால்தான் வந்தன.

இந்தக் கட்டடங்களை எழுப்பியவர்கள் யார்? பெரும்பாலும் இத்தாலியர், அப்புறம் ஸ்பானியர், போர்த்துக்கீசியர். பலர் பருவகால அனுமதியில் வந்தவர்கள். ஆண்டில் ஒன்பது மாதம் வேலை, மூன்று மாதம் ஊருக்குத் திரும்ப வேண்டும். மனைவி மக்களைக் கூட்டி வரக்கூடாது. குடும்பங்களுக்கான வீடுகளைக் கட்டியவர்கள், தங்கள் குடும்பத்தை வைத்துக்கொள்ள அனுமதியில்லாமல் கொட்டகைகளில் தங்கினார்கள். 1970 ஜூனில், வெளிநாட்டார் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு போட வேண்டும் என்ற ஷ்வார்சன்பாக் முன்மொழிவு நாடு தழுவிய வாக்கெடுப்புக்கு வந்தது. தோற்றது, ஆனால் 46 விழுக்காட்டினர் அதை ஆதரித்திருந்தார்கள். பருவகால அனுமதி முறை முற்றாக ஒழிய 2002 ஆனது. மெய்ரினின் கான்கிரீட்டை அழகு என்று பாராட்டும்போது இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இரண்டு மெய்ரின்

இன்றும் மெய்ரின் கிராமம் தனியாகவே இருக்கிறது. தேவாலயம், பழைய பண்ணைவீடுகள், குறுகிய தெரு. அங்கிருந்து சில நிமிட நடையில் துணைநகரம். இரண்டுக்கும் நடுவே கோடு போட்டால் ஒரு பக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு, மறுபக்கம் இருபதாம் நூற்றாண்டு.

கிராமம் காணாமல் போகாததற்கு ஒரு காரணம், துணைநகரத்தை அதன் தலைமேல் கட்டாமல் பக்கத்தில் கட்டியது. அதுவே பிளவுக்கும் காரணம். பழைய குடிகளுக்குப் புதியவர்கள் 'அந்தக் கட்டடத்து ஆட்கள்'. புதியவர்களுக்குக் கிராமம் ஞாயிற்றுக்கிழமை நடந்துபோகும் இடம். எண்ணிக்கை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் ஆட்சியும் அங்கே சாயும். ஊர் மன்றக் கட்டடம் இன்று துணைநகரத்தில், பூதின் தெருவில் இருக்கிறது. பலருக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். பிரெஞ்சு மரபுள்ள ஊரில் மன்றக் கட்டடம் எங்கே இருக்கிறதோ அதுதான் ஊரின் நடு.

அதன் பிறகு மெய்ரின் செய்தது பெரும்பாலும் ஒட்டுப்போடும் வேலை. தொழிற்பேட்டை வரியை வைத்துத் துணைநகரத்தில் இல்லாததை எல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள்: விளையாட்டரங்கு, இளைஞர் கூடம், நூலகம். பழைய தனியார் தோட்டம் ஒன்றைக் கொம்யூன் வாங்கி ஆல்ப்ஸ் மலைச் செடிகளின் பூங்காவாக வைத்திருக்கிறது. அடுக்குமாடிகளுக்கு நடுவே பாறை இடுக்கில் மலைப்பூக்கள். 1995-ல் ஃபோரம் மெய்ரின் என்ற அரங்கம் திறந்தது. நாடகம், இசை, கண்காட்சி, நூலகம் எல்லாம் ஓரிடத்தில். அது நிற்கும் சதுக்கத்தின் பெயர் ஐங்கண்டச் சதுக்கம். நூற்றுக்கும் மேற்பட்ட நாட்டினர் வாழும் ஊரில் அந்தப் பெயர் அலங்காரமல்ல, ஆள் கணக்கு.

2005 ஏப்ரலில் இன்னொரு வாக்கெடுப்பு. எட்டு ஆண்டு சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வெளிநாட்டார் ஜெனீவா கன்டோனின் கொம்யூன் தேர்தல்களில் வாக்களிக்கலாம் என்று முடிவானது. தேர்தலில் நிற்க முடியாது, வாக்குப் போடலாம். கன்டோன் முழுமைக்குமான மாற்றம்தான். ஆனால் ஏறத்தாழப் பாதிப் பேர் வெளிநாட்டவராக இருக்கும் மெய்ரினில் அதன் எடை வேறு. மெய்ரின் பற்றிய முடிவை மெய்ரின்காரர்கள் எடுப்பது என்பதற்கு, என் கணக்கில், உண்மையான தொடக்கம் இதுதான்.

பழத்தோட்டம்

2013 மார்ச்சில் சுவிஸ் வாக்காளர்கள் நில வகுப்புச் சட்டத் திருத்தத்தை ஏற்றார்கள், சுமார் 63 விழுக்காடு ஆதரவோடு. இனி வயலை விழுங்கி ஊரை அகலப்படுத்தாதீர்கள், இருக்கிற ஊரை உள்ளுக்குள் நெருக்குங்கள் என்பதே அதன் சாரம். சட்டம் அப்படிச் சொன்னாலும் பெரும்பாலான ஊர்களில் 'நெருக்கம்' என்ற சொல்லைக் கேட்டதும் ஆட்சேப மனு பறக்கும். மெய்ரின் அதற்கு முன்பே வேர்ஜே என்ற பகுதியைத் திட்டமிடத் தொடங்கியிருந்தது. பெயருக்குப் பழத்தோட்டங்கள் என்று பொருள்.

கிராமத்துக்கும் துணைநகரத்துக்கும் நடுவே கிடந்த அந்த 16 ஹெக்டேரில் ஏறத்தாழ 1300 வீடுகள். முந்தைய தலைமுறையில் துணைநகரம் வந்ததுபோல் மறுபடி ஒரு பெரும் வரவு. இம்முறை வேறு மாதிரி செய்தார்கள். கொம்யூன் தன் கையில் இருந்த நிலத்தை விற்கவில்லை. நீண்ட காலக் குத்தகைக்குக் குடியிருப்புக் கூட்டுறவுகளுக்குக் கொடுத்தது. கூட்டுறவில் நீங்கள் வீட்டின் உடைமையாளர் அல்ல, பங்குதாரர். வாடகை செலவுக் கணக்குப்படி, லாபத்துக்கு அல்ல. வீட்டுக்கு ஆள் வரும் முன்பே பொது இடங்களை என்ன செய்வது என்று வரப்போகிறவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். பகுதிக்குள்ளேயே காய்கறி பயிரிடும் உழவர்கள், உறுப்பினர்களே நடத்தும் மளிகைக்கடை. கட்டடங்களுக்கு நிலத்தடி நீரின் வெப்பத்திலிருந்து சூடு. 2016 வாக்கில் குடும்பங்கள் வரத் தொடங்கின.

எனக்குப் பிடித்தது இதோடு சேர்ந்து வந்த ஏரி. புதுக் கட்டடங்களும் சாலைகளும் வந்தால் மழைநீர் மண்ணில் இறங்காமல் ஓடையில் பாயும். அங்கே ஓடும் நான் தவ்ரில் ஓடை தாங்காது. குழாய் போட்டு மறைப்பதற்குப் பதிலாக வெர்ன் ஏரி என்று ஒன்றை வெட்டினார்கள். மழைநீரைப் பிடித்து, தெளியவிட்டு, மெல்ல விடும் வேலை அதற்கு. பார்க்கப்போனால் நம் ஊர்க் கண்மாய் செய்யும் வேலைதான். ஆட்கள் கரையில் உட்காருகிறார்கள், வாத்து வருகிறது.

எல்லாம் இனிப்பாகப் போய்விடவில்லை. பெரிய வளர்ச்சிக்கு ஒரு விலை உண்டு: போக்குவரத்து நெரிசல், பள்ளிகளில் இடநெருக்கடி, வயல் போன வருத்தம். சூழல் நேய வீட்டுப் பகுதி என்றாலும் அதுவும் ஒரு காலத்தில் விளைநிலம்தான். இன்று கொம்யூனின் மக்கள்தொகை 26,000-ஐத் தாண்டிவிட்டது. சுமார் பத்துச் சதுர கிலோமீட்டருக்குள் இத்தனை பேர். அதிலும் விமான நிலையமும் செர்னும் தொழிற்பேட்டையும் எடுத்துக்கொண்டது போக மீதியில்.

வாக்கர் பரிசு இதற்காகத்தான் வந்தது. பழைய அடுக்குமாடிகளை இடித்துத் தள்ளாமல் அவற்றையும் ஊரின் பாரம்பரியமாக மதித்ததற்கும், நெருக்கத்தைப் பேசித் தீர்த்ததற்கும், ஓடைக்கும் மரத்துக்கும் இடம் வைத்ததற்கும். நான் இந்தப் பரிசைச் சரி என்பேன், ஒரு திருத்தத்தோடு. மெய்ரின் இதை எல்லா ஊருக்கும் கற்றுக்கொடுக்க முடியாது. தொழிற்பேட்டை வரி, கொம்யூன் கையில் இருந்த நிலம், வாடகையைக் கட்டுக்குள் வைத்த 1957 சட்டம் ஆகிய மூன்றும் கைகூடியதால் நடந்தது இது. நல்லெண்ணமும் கலந்துரையாடலும் மட்டும் இருந்திருந்தால் வேர்ஜே பகுதி வசதியானவர்களின் பசுமைக் குடியிருப்பாகவே முடிந்திருக்கும்.

எல்லை வாசலில் நிற்கும் டிராம்

ஜெனீவா கோர்னவன் ரயில் நிலையத்திலிருந்து 18-ஆம் எண் டிராமில் ஏறினால் இந்தக் கதை முழுவதையும் சன்னலோரமாக உட்கார்ந்து பார்த்துவிடலாம். துணைநகரத்தின் நீண்ட கட்டடங்கள், அறுபது ஆண்டில் வளர்ந்து மாடிகளை மறைக்கும் மரங்கள், தலைக்கு மேல் இறங்கும் விமானம், பிறகு வயல், அப்புறம் செர்னின் மரக்கோளம், அதாவது கோள வடிவிலான மரக் கண்காட்சிக்கூடம். 2011 முதல் டிராம் அங்கே வரை போகிறது.

அங்கேயே நின்றும் விடுகிறது. பிரெஞ்சு எல்லை சில நூறு மீட்டர் தூரம். ஜெனீவாவில் வேலை பார்த்துப் பிரான்சில் குடியிருப்பவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். 1815-ல் மெய்ரினிலிருந்து பிரிந்துபோன ஜெக்ஸ் வட்டாரத்தில் வாடகை குறைவு, அதனால் அங்கே குடியேறிக் காரில் வருகிறார்கள். கன்டோனின் மறுகோடியில் 17-ஆம் எண் டிராம் 2019 முதல் பிரான்சுக்குள் அனமாஸ் வரை ஓடுகிறது. மெய்ரின் பக்கம் இன்னும் தாண்டவில்லை. விமான நிலையத்தைப் பற்றியும் இதே கதைதான்: அதன் வளர்ச்சியில் மக்களுக்குப் பேச்சு வேண்டும் என்ற முன்மொழிவை 2019 நவம்பரில் கன்டோன் வாக்காளர்கள் சுமார் 60 விழுக்காடு ஆதரவோடு ஏற்றார்கள்; ஆனால் விமான நிலையங்களுக்கு அனுமதி தருவது பெர்னில் இருக்கும் கூட்டாட்சி அரசு.

காலை ஏழு மணிக்கு மெய்ரின் சாலையில் நின்றால், பிரான்சிலிருந்து வரும் கார் வரிசை ஒரு பக்கம் ஊர்ந்துகொண்டிருக்கும். நடுவில் டிராம் பாதை. செர்ன் நிறுத்தத்தில் இறங்கியவர்கள் போனபின், ஓட்டுநர் எழுந்து வண்டியின் அடுத்த முனைக்கு நடக்கிறார்.